பழைய ரோலர் கோஸ்டரை உடம்பு வலிக்காத ரைடாக மாற்ற முடியுமா? டெல்டாவிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கோடை விடுமுறை வந்தால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கமிருந்து வேன் பிடித்து சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ தீம் பார்க் பார்க்கப் போகிறவர்கள் ஏராளம். திரும்பி வந்ததும் பலர் சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கழுத்து பிடிச்சுக்கிச்சு." பொருட்காட்சி ரைடு நடத்துகிறவர்கள் கேட்பது வேறு: பழைய வண்டியை எப்படிச் சீராக ஓட வைப்பது? இரண்டு தரப்புக்கும் சேர்த்து இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி விறுவிறுப்பில் சேர்ந்தது அல்ல. அது தண்டவாளத்திலோ சக்கரத்திலோ இருக்கையிலோ உள்ள குறை. குறை என்றால் சரிசெய்யலாம்.

ரோலர் கோஸ்டர் என்றாலே உலுக்கத்தானே செய்யும்?

விசை வேறு, உலுக்கல் வேறு. பள்ளத்தில் பாய்ந்து மேலே ஏறும்போது நம் எடையைப் போல மூன்று, நான்கு மடங்கு கனம் உடம்பில் ஏறும். அது மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் ஆரோக்கியமான உடம்பு சில நொடிகளுக்குத் தாராளமாகத் தாங்கும். அதில் பாதி விசையே கண் இமைக்கும் நேரத்தில் திடீரென்று வந்தால் கழுத்துத் தசைக்குத் தயாராக நேரமில்லை. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் போகும். விசை எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் வலியைத் தீர்மானிக்கிறது.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1895-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்றொரு தலைகீழ்ச் சுற்று ரைடு வைத்தார்கள். சுற்று சரியான வட்டம். நேராக வரும் வண்டி வட்டத்துக்குள் நுழைந்த அந்தக் கணமே முழு விசையும் ஏறிவிடும். ஏறியவர்களுக்குக் கழுத்து அடிபட்டது, அந்த வடிவம் நிலைக்கவில்லை. 1976-ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் வந்த 'ரெவல்யூஷன்' ரைடுக்கு வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் வேறு வடிவம் கொடுத்தார். அடியில் வளைவு அகலம், உச்சியில் குறுகல். கவிழ்த்துப் பிடித்த நீர்த்துளி போல இருக்கும். இன்று நாம் பார்க்கும் தலைகீழ்ச் சுற்றுகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான்.

மர ரோலர் கோஸ்டர் பழசாக ஆக ஏன் மோசமாகிறது?

அதன் தண்டவாளம் ஒற்றைக் கட்டை அல்ல. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து, வளைத்து, ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கியிருப்பார்கள். சக்கரம் உருளும் இடத்தில் மட்டும் மெல்லிய இரும்புப் பட்டை. மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு முறை வண்டி போகும்போதும் ஆணி இம்மியளவு தளரும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் இடைவெளி கூடும். வண்டி இடமும் வலமுமாக அடித்துக்கொண்டு ஓடும். அந்த அடி தண்டவாளத்தை மேலும் கெடுக்கும். இப்படிக் கேடு கேட்டை வளர்க்கும். எங்கே விசை அதிகமோ, அதாவது இறக்கத்தின் அடிவாரத்திலும் வளைவிலும், முதலில் குழி விழும்.

வண்டியும் காரணம். பழைய வண்டிகளில் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வரிசை இருக்கை இருக்கும். நீளமான விறைத்த பெட்டி, முறுக்கும் வளைவில் மடங்கித் திரும்பாது. ஒவ்வொரு வளைவிலும் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டித்தான் போகும்.

இரும்புத் தண்டவாளம் மரம் போல ஊதாது, சுருங்காது. அதில் ஏன் காதோரம் இடிக்கிறது?

மூன்று காரணங்கள் சேர்ந்து வரும்.

முதலாவது, வடிவமைப்பு. கணினி வசதி குறைவாக இருந்த காலத்தில் தண்டவாளத்தின் நடுக்கோட்டை வைத்துத்தான் திருப்பத்தைக் கணக்குப் போட்டார்கள். ஆனால் ஏறுபவரின் தலை தண்டவாளத்துக்கு நான்கைந்து அடி மேலே இருக்கிறது. தண்டவாளம் சட்டென்று முறுகினால் கீழே சிறிய அசைவு, தலை உயரத்தில் பெரிய வீச்சு. இன்றைய வடிவமைப்பாளர்கள் ஏறுபவரின் நெஞ்சுப் பகுதியை அச்சாக வைத்து, அதைச் சுற்றித் தண்டவாளம் சுழலும்படி வரைகிறார்கள். உடம்பு ஓரிடத்தில் இருக்க, பாதைதான் சுற்றி வரும்.

இரண்டாவது, தோள் கம்பி. தலைக்கு இரண்டு பக்கமும் கெட்டியான கம்பி இருந்தால், தலை ஆடும்போதெல்லாம் அதில்தான் போய் மோதும். பாதுகாப்புக்காக வைத்ததே வலிக்குக் காரணமாகிவிடுகிறது. நெதர்லாந்தின் வெகோமா நிறுவனம் 1990-களில் உலகம் முழுக்க விற்ற தொங்கு கோஸ்டர்களில் (தண்டவாளத்துக்கு அடியில் வண்டி தொங்கியபடி ஓடுபவை) ஏறியவர்கள் சொன்ன முக்கியமான குறை இதுதான்.

மூன்றாவது, சக்கரம். ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மேலே உருள்வது, பக்கவாட்டில் பிடிப்பது, வண்டி மேலே எழும்பாமல் அடியில் பிடிப்பது என்று மூன்று வகை இருக்கும். பக்கச் சக்கரம் தேய்ந்து இடைவெளி விழுந்தால், எவ்வளவு நல்ல தண்டவாளமாக இருந்தாலும் வண்டி தட்டித் தட்டித்தான் போகும்.

மாற்றுவது என்றால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா?

இல்லை. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் அதே தேர்தான். ஆனால் அடியில் இரும்புச் சக்கரமும் அச்சும், திருச்சி பெல் நிறுவனத்தார் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக்கும் இருப்பதால்தான் அவ்வளவு பெரிய பாரம் நான்கு வீதியும் கட்டுப்பாட்டோடு சுற்றி வருகிறது. முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கைத்திறன் இன்றும் தேவைப்படுகிறது, ஆனால் பாரம் முழுவதும் அவர்கள் தலையில் இல்லை.

ரோலர் கோஸ்டரிலும் நடப்பது இதற்கு நெருக்கமானதுதான். மரச் சட்டகம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மேலே உள்ள அடுக்குப் பலகைத் தண்டவாளத்தைப் பிரித்து எடுத்துவிட்டு, எஃகுத் தண்டவாளம் பொருத்துவார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம் இதில் முன்னோடி. அவர்களுடைய 'ஐ-பாக்ஸ்' தண்டவாளம், எஃகுத் தகடுகளைக் கணினி வழியாக வளைவு வடிவிலேயே வெட்டி, ஒன்றோடொன்று வெல்டிங் செய்து ஆக்கப்படுவது. கம்பியைச் சூடாக்கி வளைக்கும் வேலை இல்லாததால் வரைந்த வடிவம் அப்படியே கிடைக்கும். அதோடு புது வண்டி, புது பிரேக், புது கட்டுப்பாட்டுக் கருவி. தேவையான இடத்தில் புதுத் தூணும் அடித்தளமும். பிறகு தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைத்து ஆளில்லாமல் பலமுறை ஓட்டி, விசையை அளந்த பின்புதான் மனிதர் ஏறுவார்கள்.

இவ்வளவு பெரிய வேலை எல்லோருக்கும் தேவைப்படாது. சில இடங்களில் தேய்ந்த பகுதிக்கு மட்டும் எஃகுத் தண்டவாளம் போடுவார்கள். சில இடங்களில் மரமே போடுவார்கள். ஆனால் களத்தில் வளைத்து அடிக்காமல், வளைவின் வடிவில் தொழிற்சாலையிலேயே அறுத்துக் கொண்டுவந்த மரம். ஒஹாயோவில் 1979-ல் திறந்த 'தி பீஸ்ட்' அப்படித்தான் சில பகுதிகளில் புதுப்பிக்கப்பட்டது.

முதலில் யார் செய்தார்கள்?

டெக்சஸ் மாநிலத்தின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்கா. அங்கே 1990-ல் திறந்த 'டெக்சஸ் ஜயன்ட்' என்ற மரக் கோஸ்டர் நல்ல பெயரோடு ஓடியது. பிறகு பழுது பார்த்தே பணம் கரைந்தது. 2009-ல் மூடி, எஃகுத் தண்டவாளம் பொருத்தி 2011-ல் 'நியூ டெக்சஸ் ஜயன்ட்' என்று திறந்தார்கள். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மற்றப் பூங்காக்களும் வரிசையில் நின்றன. கலிஃபோர்னியாவில் 1978-ல் கட்டிய 'கொலோசஸ்' 2015-ல் 'ட்விஸ்டட் கொலோசஸ்' ஆனது. ஜப்பானின் நாகஷிமாவில் 1994-ல் கட்டிய 'வைட் சைக்ளோன்' 2019-ல் 'ஹகுகெய்' ஆனது. அதே ஆண்டு நெதர்லாந்தில் 'ராபின் ஹூட்', 'அன்டேம்ட்' ஆக மாறியது.

வண்டியை மட்டும் மாற்றினால் போதாதா? செலவு குறையுமே?

சில சமயம் போதும். மேலே சொன்ன 'ரெவல்யூஷன்' நல்ல உதாரணம். அதன் தண்டவாள வடிவம் அருமையானது. பின்னாளில் சேர்த்த தோள் கம்பிகள்தான் தலையில் இடித்தன. 2016-ல் இடுப்புக் கம்பி மட்டும் உள்ள புது வண்டி போட்டார்கள். தண்டவாளத்தின் அருமை மறுபடியும் தெரிந்தது. வெகோமாவும் பழைய தொங்கு கோஸ்டர்களுக்குப் புது வண்டி செய்து தருகிறது. கெட்டிக் கம்பிக்குப் பதிலாக உடம்போடு ஒட்டிய மெத்தென்ற கவசப் பட்டை. தலைக்கு இடிக்க ஒன்றும் இல்லை.

போதாமல் போன கதையும் இருக்கிறது. ஃபுளோரிடாவின் புஷ் கார்டன்ஸ் பூங்காவில் 1999-ல் திறந்த 'குவாசி' மரக் கோஸ்டருக்கு 2011-ல், வளைவில் மடங்கித் திரும்பும் புது வண்டிகள் வாங்கினார்கள். கொஞ்சம் தேறியது. ஆனால் தண்டவாளத்தின் கேடு அப்படியே இருந்தது. 2015-ல் மூடவேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் சும்மா நின்று, கடைசியில் எஃகுத் தண்டவாளத்தோடு 2022-ல் 'அயர்ன் குவாசி' என்று திறந்தது. 206 அடி உயரம். நேர்க்குத்தையும் தாண்டி உள்பக்கமாகச் சாயும் இறக்கம்.

ஆகவே பணம் போடுவதற்கு முன்னால் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். வண்டியில் முடுக்கமானி (அதிர்வையும் விசையையும் அளக்கும் கருவி) பொருத்தி ஓட்டினால் எந்த மீட்டரில் எந்தத் திசையில் அடி விழுகிறது என்று வரைபடமே கிடைக்கும். ஒரே இடத்தில் எல்லாப் பெட்டியும் அடி வாங்கினால் தண்டவாளம். ஒரு பெட்டி மட்டும் வழியெல்லாம் அடி வாங்கினால் சக்கரம். வழி நெடுக எல்லாமே சீராக இருந்தும் காது வலித்தால் கம்பி. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்வது வீண்.

சுகமாக்கினால் விறுவிறுப்பு போய்விடாதா?

எனக்கு வரும் கேள்விகளில் நான் விரும்பிப் பதில் சொல்வது இதற்குத்தான். போகாது, கூடும்!

ஒஹாயோவின் சீடார் பாயிண்டில் 1991-ல் 'மீன் ஸ்ட்ரீக்' என்ற மரக் கோஸ்டர் திறந்தது. 161 அடி உயரம், அன்றைக்குப் பெரிய சாதனை. ஆனால் உலுக்கல் தாங்காமல், முதல் இறக்கத்திலேயே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். அவ்வளவு உயரம் ஏற்றிவிட்டு, இறங்கும் இன்பத்தையே பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. 2016-ல் மூடினார்கள். அதே சட்டகத்தைப் பயன்படுத்தி 2018-ல் வந்த 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' 205 அடி உயரம், மணிக்குச் சுமார் 119 கிலோமீட்டர் வேகம், நான்கு முறை தலைகீழ். இருக்கையை விட்டு உடம்பு எழும்பி மிதக்கும் நேரம் மட்டும் கூட்டிப் பார்த்தால் 27 நொடிக்கு மேல். பழசைவிடப் பலமடங்கு ஆவேசம், ஆனால் இறங்கியவுடன் மறுபடியும் வரிசையில் போய் நிற்கத் தோன்றும்.

சீராக ஓடும் தண்டவாளத்தில்தான் வேகத்தை நம்பி விடமுடியும். உலுக்குகிற ரைடில் ஏறுபவர் பல்லைக் கடித்துக்கொண்டு முடிவுக்குக் காத்திருக்கிறார். பயமும் மகிழ்ச்சியும் கலந்து வரவேண்டிய இடத்தில் எரிச்சல்தான் மிஞ்சும்.

அப்படியானால் எல்லா மரக் கோஸ்டரையும் எஃகாக மாற்றிவிடலாமே?

வேண்டாம். கோனி ஐலண்டின் 'சைக்ளோன்' 1927-ல் கட்டியது, அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னம். பென்சில்வேனியாவின் 'லீப் த டிப்ஸ்' 1902-ஐச் சேர்ந்தது. மெல்பர்னில் 1912-லிருந்து ஓடும் 'சீனிக் ரயில்வே'யில் இன்றும் வண்டிக்குள்ளேயே ஒருவர் நின்று பிரேக் பிடித்துக்கொண்டு வருவார். இவற்றில் மரத்தின் ஆட்டமும் சத்தமும்தான் அழகு. பழைய கோயிலை மணலால் ஊதிச் சுத்தம் செய்து சிற்பத்தின் மூக்கைத் தேய்த்தவர்களைப் பார்த்தவர்கள் நாம். எதைப் புதுப்பிக்கலாம், எதைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்ற வேறுபாடு நமக்கு நன்றாகவே தெரியும். பலகையை வேளாவேளைக்கு மாற்றிப் பராமரித்தால் மரக் கோஸ்டரும் வலிக்காமல் ஓடும்.

புது வண்டியில் தோள் கம்பியை எடுத்துவிடுகிறார்களே, ஆபத்தில்லையா?

நியாயமான பயம். 2013 ஜூலையில் 'நியூ டெக்சஸ் ஜயன்ட்' ஓடும்போது ஒரு பெண் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தார். ரைடை நிறுத்தி, இடுப்புக் கம்பியின் மெத்தையை மாற்றி, சீட் பெல்ட்டும் சேர்த்த பிறகே அந்த செப்டம்பரில் திறந்தார்கள்.

இடுப்புக் கம்பி சரியாகச் செய்தால் பாதுகாப்பானதுதான். ஆனால் அது வயிற்றில் அல்ல, தொடை சேரும் இடத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். பருமனாக இருப்பவர்களுக்குக் கம்பி வயிற்றில் தட்டி நின்றுவிடும். பூட்டியது போலத் தெரியும், பிடித்திருக்காது. அதனால்தான் வாசலில் சோதனை இருக்கை வைக்கிறார்கள். ஊழியர் "உங்களுக்குப் பொருந்தவில்லை, இறங்கிக்கொள்ளுங்கள்" என்றால் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் செய்வது அவருடைய வேலையிலேயே மிக முக்கியமான வேலை.

இந்தியாவில் இந்த மாதிரி மாற்றம் நடக்குமா?

நம் நாட்டில் உள்ள பெரிய கோஸ்டர்கள் இரும்புத் தண்டவாளம் கொண்டவை. அதனால் மரத்தை எஃகாக்கும் வேலை நமக்குப் பெரிதாகத் தேவைப்படாது. மும்பை அருகே கோபோலியில் இமாஜிக்கா பூங்காவில் 2013-ல் வந்த 'நைட்ரோ' சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார் நிறுவனம் செய்தது. அது நல்ல வடிவமைப்பு. ஆனால் பல ஊர்ப் பூங்காக்களில் இருபது, முப்பது ஆண்டுப் பழைய ரைடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் புதுத் தோள் பட்டை, புதுச் சக்கரம், தேவைப்பட்டால் சில பகுதிக்குப் புதுத் தண்டவாளம் என்ற வழி பொருந்தும். வடிவம் நன்றாக இருந்து இரும்பு மட்டும் களைத்துப்போனால் அதே வடிவத்தில் தண்டவாளத்தைப் புதிதாகச் செய்து போடலாம். ஆர்லாண்டோவின் 'ஹல்க்' 2016-லும், இங்கிலாந்தின் 'நெமிசிஸ்' 2024-லும் அப்படித்தான் மறுபிறவி எடுத்தன.

நான் பொருட்காட்சியில் டிராகன் ரயில் ஓட்டுகிறேன். பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா?

தண்டவாளத்தின் வளைவையோ உயரத்தையோ, கம்பிப் பூட்டையோ உள்ளூர்ப் பட்டறையில் மாற்ற வேண்டாம். இதை வேண்டுகோளாகவே சொல்கிறேன். வெல்டிங் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும் பாரத்தில் அதன் ஓரத்தில்தான் விரிசல் விடும். அந்த மாற்றம் தயாரிப்பாளரோ தகுதியுள்ள பொறியாளரோ கணக்குப் போட்டு, கையெழுத்திட்டுச் செய்ய வேண்டியது.

ஆனால் உங்கள் கையில் இருப்பது நிறைய. நம் மண்ணில் முதல் எதிரி மட்டம் குலைவது. டெல்டாவின் களிமண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் ஊறி இளகும். அறுவடை முடிந்த வயலிலோ குளக்கரைத் திடலிலோ ரைடை நிறுத்தி, காலுக்கு அடியில் துண்டுக் கட்டை வைத்து மட்டம் பார்ப்பீர்கள். இரண்டு நாளில் ஒரு கால் அரை அங்குலம் இறங்கும். அந்த அரை அங்குலம்தான் குழந்தையின் கழுத்தில் உலுக்கலாக வந்து விழுகிறது. அகலமான எஃகுத் தகடோ கெட்டியான பலகையோ போட்டுப் பாரத்தைப் பரப்புங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்; காலையில் ரைடு தொடங்குமுன் ஒவ்வொரு காலும் பாருங்கள். மழை பெய்தால் மறுபடியும் பாருங்கள்.

அப்புறம் தண்டவாள இணைப்பு. பிரித்துப் பிரித்துக் கட்டும் ரைடில் இணைப்பு முனைகள்தான் முதலில் மழுங்கும். விரலை ஓட்டிப் பார்த்தாலே படி தெரியும். இணைப்பு ஆணியும் போல்ட்டும் தேய்ந்திருந்தால் பழசையே தட்டி ஏற்றாதீர்கள். அடுத்து சக்கரம். பாலியூரித்தேன் உறை வெடித்தோ கெட்டித்தோ போயிருந்தால் புதிதாக வார்த்து வாங்குங்கள். ஆனால் மலிவாக இருக்கிறதே என்று கடினமான ரகம் வாங்கினால் அதிர்வு கூடும். கடைசியாக இருக்கை. பக்கத்தில் முதுகில் மெத்தை, குழந்தை வழுக்கிப் போகாத அளவு உட்காரும் பள்ளம். இந்த வேலைகளே ரைடைப் பாதி மாற்றிவிடும்.

வேளாங்கண்ணி, நாகூர் கடற்கரை ஓரம் ரைடு போடும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உப்புக் காற்று. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அந்தப் பத்துப் பதினோரு நாளில் பேரிங்கில் உப்பு ஏறிவிடும். முடிந்து கிளம்பும்போது நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, கிரீஸ் போட்டுத்தான் லாரியில் ஏற்ற வேண்டும். துருப்பிடித்த பேரிங் சத்தம் போடுவதற்கு முன்பே உதறத் தொடங்கும். குழாய்க் கால்களுக்கு உள்பக்கமும் துருப்பிடிக்கும் என்பதால், ஆண்டுக்கு ஒரு முறையாவது தகட்டின் தடிமனை மீயொலிக் கருவி கொண்டு அளக்கச் சொல்லுங்கள்.

ஐப்பசியில் மயிலாடுதுறைக் கடைமுகத்துக்குப் போடுகிறவர்கள் வடகிழக்குப் பருவமழையில் நிற்கிறீர்கள். ஈரத்தில் பிரேக் பிடிப்பு குறையும். மின்னல், பலத்த காற்று என்றால் கூட்டம் எவ்வளவு நின்றாலும் நிறுத்துங்கள்.

ஏறியே ஆகவேண்டும், ஆனால் கழுத்து வலிக்கக் கூடாது. எங்கே உட்காருவது?

பெட்டியில் சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள இருக்கையைத் தவிர்த்து, இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள வரிசையைத் தேர்ந்தெடுங்கள். கடைசிப் பெட்டியில் இழுப்பும் ஆட்டமும் அதிகம். வலிக்குப் பயந்தவர்கள் முன் பாதியில் உட்காரலாம். தோள் கம்பி இருந்தால் தலையை முதுகுச் சாய்வில் நன்றாகப் பதித்து, பாதையைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். அடுத்த வளைவு தெரிந்தால் கழுத்து தானாகத் தயாராகும். கண்ணை மூடினால் இன்னும் மோசம். காதில் தோடு, ஜிமிக்கி இருந்தால் கழற்றிவிடுங்கள். துப்பட்டாவையும் முந்தானையையும் முடிந்து சொருகிக்கொள்ளுங்கள்.

யார் ஏறக் கூடாது?

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கழுத்து அல்லது முதுகெலும்புச் சிக்கல் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ரைடு எவ்வளவு சீராக மாற்றப்பட்டிருந்தாலும் இவர்களுக்குப் பதில் மாறாது. குழந்தைகளுக்கு வயதைவிட உயர அளவுகோல்தான் கணக்கு. "இன்னும் ஒரு அங்குலம்தானே" என்று ஊழியரிடம் வாதாட வேண்டாம். அந்த ஒரு அங்குலத்தில்தான் கம்பி பிடிக்கிறதா இல்லையா என்பது இருக்கிறது.